கலா ஓயாவின் கரையிலே

புத்தளத்திலிருந்து மன்னார் செல்லும் பழைய வீதியிலே, எலுவாங்குளத்தருகே கலா ஓயா குறுக்கிடுகிறது. தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் இவ்வாற்றை மறித்தே கலா வாவியை அமைத்தான். கோடையில் அடங்கிக் கிடக்கும் ஆறு, மாரியிலே ராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும் சப்பாத்துப் பாலத்தை மூடிப் பாய்வது வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடுமுறையில், அக்கரையிலுள்ள வில்பத்துக் காட்டினுள்ளே கடலோரமாய் அமைந்த பூக்குளம் என்னும் மீனவர் கிராமத்துக்குச் செல்ல நேர்ந்தது. என் பழைய மாணவன் ஒருவன் அங்கே நோயுற்றிருந்தான். வருவதாகச் சொல்லியனுப்பினேன்.

புத்தளத்திலே நான் நானா என்றழைக்கும் மூத்த சாரதி ஒருவர் தமது டீசல் ஜீப்பை நீருக்கு ஆயத்தஞ் செய்தார். அஃது எனக்கு ஒரு பௌதிகப் பாடமாயிற்று. இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயைக் கூரை மட்டத்துக்கு உயர்த்தினார். நீர் காற்றைப்போல அமுங்காது. உருளையினுள்ளே அது புகுந்தால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். அச்சுப்பெட்டிகளின் மூச்சுத்துளைகளிலே நீண்ட றப்பர்க் குழாய்களைப் பொருத்தினார். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்நீரில் இறங்கியதும், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளுமாம். சுழலும் விசிறியின் இதழ்கள் நீரிலே வளைந்து றேடியேற்றரைக் கிழிக்கக்கூடும். ஆதலால் கரையிலேயே விசிறிப் பட்டியைக் கழற்றவேண்டும். ஆற்றில் இறங்கினால் தாழ்ந்த கியரில், இடையில் நில்லாது, ஒரே சீராகச் செல்லவேண்டும். கரையேறியதும் பிரேக்கைப் பலமுறை மிதித்து உலர்த்தவேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டதென்று அறியவேண்டும்.

மறுநாட் காலை ஆற்றை அடைந்தோம். பாலத்தின் ஓரக் கற்கள் தெரியவில்லை. நானா சாரத்தை மடித்துக் கட்டி, கம்பொன்றை ஊன்றிச் சில அடி நடந்தார். நீர் முழங்காலைத் தாண்டியதும் திரும்பிவிட்டார்.

“ஏன் நானா, இவ்வளவும் செய்துவிட்டுத் திரும்புவதா?” என்றேன், சற்றுச் சினத்துடன்.

“சேர், நான் பூட்டின குழாய் எஞ்சினைத்தான் காப்பாத்தும். ஓடுற தண்ணி ஜீப்பையே தூக்கிக்கொண்டு போனா, குழாய் என்ன செய்யும்?”

இரண்டடி ஆழமான ஓட்டநீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லவல்லது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அன்றோ, வாய் பேசாமல் ஜீப்பில் ஏறினேன்.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. கணுக்கால் நீரிலே எளிதாகக் கடந்தோம். பாயிலே சாய்ந்திருந்த மாணவன் என்னைக் கண்டதும் எழ முயன்றான்.

“அண்டைக்கு நீங்கள் வரக்கூடாதெண்டுதான் வேண்டிக்கொண்டு கிடந்தனான், சேர்” என்றான்.

ஆழமறியாமற் காலை விடாதே என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர் ஒரு சாரதி.