மடையான் பக்கம்

கடையில் எந்தப் பறவைக் கையேட்டை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது மடையான் பக்கத்தை. குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கும்போது சேற்றோடு சேறாகப் பழுப்பு நிறம், கழுத்தில் கோடுகள். காலடிச் சத்தத்துக்கு எழும்பினால் பளீரென்று வெள்ளைச் சிறகு. முட்டையிடும் காலத்தில் முதுகில் கரும் அரக்குச் சிவப்பு. இந்த மூன்றையும் வரைந்து காட்டாத புத்தகத்தைப் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. ஒரே பறவையை மூன்று பறவையாக அவர் குறிப்பேட்டில் எழுதிவிடுவார்.

நான் முதலில் வாங்கியது இந்தியத் துணைக்கண்டம் முழுமைக்குமான தடித்த புத்தகம். 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு தரிசில் சின்னப் பழுப்புப் பறவை ஒன்று, தத்தாமல் நடந்து, வாலை ஆட்டிக்கொண்டு இரை பொறுக்கியது. படத்தோடு ஒப்பிட்டு, இமயமலைச் சரிவுகளில் வாழும் நெட்டைக்காலி ஒன்றின் பெயரை எழுதி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து மூத்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தின் பரவல் வரைபடத்தில் விரலை வைத்தார். வண்ணம் தீட்டிய இடம் முழுக்க வடக்கு. நான் பார்த்தது வயல் நெட்டைக்காலி. நம் தரிசுகளில் வருடம் முழுக்க இருப்பது. அந்தப் பெயரை அடித்தபோது எனக்கு நிஜமாகவே வலித்தது.

வட்டாரக் கையேடு அந்த வலியை மிச்சப்படுத்தும். ரிச்சர்ட் கிரிம்மெட்டும் டிம் இன்ஸ்கிப்பும் தென்னிந்தியாவுக்கென்றே ஒரு கையேடு செய்திருக்கிறார்கள். இங்கே வராத பறவைகள் அதில் இல்லை. தொடங்குகிறவருக்கு அதுவே பாதி உதவி. துணைக்கண்டப் புத்தகத்தில் சிலம்பன்கள் பக்கம் பக்கமாக வரும். வீட்டுத் தோட்டத்தில் ஏழெட்டாகக் கூடிச் சருகைக் கிளறும் வெண்தலைச் சிலம்பனோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. ஆனால் தெற்கு என்பதும் ஒரே நிலம் இல்லை. நீலகிரி நெட்டைக்காலி மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிப் பறவை. மதுரைத் தரிசுக்கு இறங்காது. எந்த உயரத்தில் இருக்கும் என்ற குறிப்பும் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

ஒளிப்படமா, ஓவியமா என்று கேட்பார்கள். நான் ஓவியத்தின் பக்கம். ஒளிப்படம் ஒரு பறவையை, ஒரு காலை வெயிலில், ஒரு நொடியில் காட்டுகிறது. ஓவியர் பல பறவைகளைப் பார்த்து, அந்த இனத்துக்கு எது பொதுவோ அதை வரைகிறார். உள்ளான்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் நம் கண்மாய்களுக்கு வரும் பொரி உள்ளானுக்கும் அதன் நெருங்கிய உறவு ஒன்றுக்கும் நின்ற நிலையில் வித்தியாசம் சொல்வது சிரமம். பொரி உள்ளானின் புருவக் கோடு கண்ணைத் தாண்டி நீளும். மற்றதற்குக் கண்ணருகிலேயே நின்றுவிடும். பறக்கும்போது பொரி உள்ளானின் இறக்கை அடிப்புறம் வெளிர். மற்றதற்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. இரண்டையும் பறக்கும் நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். படம் ஒரு பக்கம், விவரம் நூறு பக்கம் தள்ளி என்றால், விரல் புரட்டி முடிக்கும் முன் பறவை அக்கரைக்குப் போய்விடும்.

அளவு சொல்லும் விதத்தையும் பார்ப்பேன். சென்டிமீட்டர் கரையில் நிற்கிறவருக்கு உதவாது. 1941-இல் வெளியான சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என்று தெரிந்த பறவைகளையே அளவுகோலாக வைத்தது. இன்றும் நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, "மைனாவை விடப் பெரிசா, சிறிசா?" என்றுதான்.

தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய அறிமுகக் கையேட்டை க்ரியா வெளியிட்டது. ஆங்கிலக் கையேடு வைத்திருப்பவர்களும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பெயர் தமிழில் தெரிந்தால்தான் கரையில் இருப்பவரோடு பேச முடியும். ஒருமுறை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என் புத்தகத்தின் கொக்குப் பக்கத்தைக் காட்டினேன். பழுப்புப் படத்தைத் தொட்டு, "இது மடையான்" என்றார். கீழே இருந்த சிவப்பு முதுகுப் படத்துக்கு விரலை நகர்த்தினேன். "அதுவும் அதேதான் தம்பி. முட்டை வைக்கிறப்ப முதுகு செவந்துரும்." அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கண்மாயின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதினேன். அவர் விரலில் இருந்த ஈரமண் படத்தின்மேல் காய்ந்திருக்கிறது, நான் துடைக்கவில்லை.