மகிழமரத்தடி வாக்கும் கப்பல் முன்பதிவும்

திருவொற்றியூரிலிருந்து வடக்கே சென்று, எண்ணூரையும் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தையும் கடந்தால், கடலோரம் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த இந்தக் கடற்கரையில் 2013 முதல் சரக்குப் பெட்டகத் துறைமுகம் இயங்கி வருகிறது. பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்ற கப்பல் பழுது பார்ப்பதற்காக இங்கேதான் வந்தது. பாரந்தூக்கிகளுக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைக் காணும்போது, நாமும் ஒருமுறை கடல்மேல் போய்வந்தால் என்ன என்ற ஆசை யாருக்கும் எழும்.

அந்த ஆசைக்குரிய தெய்வம் அருகிலேயே இருக்கிறாள். மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருமணங்கீஸ்வரர் ஆலயத்தில் அருள்பாலிக்கும் திருவுடையம்மன் இச்சா சக்தி. திருவொற்றியூர் வடிவுடையம்மன் ஞான சக்தி. திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் கிரியா சக்தி. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் இம்மூவரையும் காலை, உச்சி, மாலை என ஒரே நாளில் தரிசிப்பது இப்பகுதி அன்பர்களின் வழக்கம். விரும்புதல், அறிதல், செய்தல் என்ற வரிசையைப் பெரியவர்கள் தரிசனமாகவே அமைத்து வைத்திருக்கிறார்கள்.

காட்டுப்பள்ளியில் சரக்குதான் ஏறும், பயணிகள் ஏற முடியாது. உல்லாசக் கப்பலில் செல்வோர் சென்னைத் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். 2022 ஜூன் மாதம் அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கு 'எம்ப்ரஸ்' என்ற கப்பல் தன் பயணத்தைத் தொடங்கியது. விசாகப்பட்டினம் என்றதும் நம்மவருக்குச் சிம்மாசலம் நினைவுக்கு வரும். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அதே கப்பல் இலங்கைக்குச் சென்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அது தொடும் துறைகளாக அறிவிக்கப்பட்டன. திருகோணமலையில் கடலை நோக்கிய குன்றின்மேல் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில். காங்கேசன்துறைக்கு அருகே கீரிமலையில் நகுலேஸ்வரம். செய்தியைப் படித்த நாளிலேயே என் இல்லாள், கோணேசரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றாள். அவள் முழங்கால் வலிக்கு அப்போதே மூன்று வருஷம்.

அதற்கு முன்பே, மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் சென்றிருந்தபோது நாங்கள் ஒரு கப்பலில் மூன்று இரவுகள் பயணம் செய்திருந்தோம். கடைசி மாலை, உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மேசை. அடுத்த பயணத்தை இப்போதே, கப்பலில் இருக்கும்போதே பதிவு செய்தால் கட்டணத்தில் தள்ளுபடி என்று ஓர் இளைஞர் விளக்கிக் கொண்டிருந்தார். உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. ராயல் கரீபியன் நிறுவனம் 'நெக்ஸ்ட் குரூஸ்' என்ற பெயரில் தன் கப்பல்களில் இதற்கென ஓர் அலுவலகமே வைத்திருக்கிறது. முன்பணம் குறைவு, விரும்பிய அறையை முதலில் தேர்ந்துகொள்ளலாம், அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவழிக்க ஒரு தொகை வரவு வைக்கப்படும் என்பவை பொதுவான சலுகைகள். சில நிறுவனங்களில் தேதி குறிக்காமலே முன்பணம் கட்டி வைக்கலாம்.

வங்கியில் காலம் கழித்தவனுக்கு இதன் கணக்கு எளிதில் புரிந்தது. கப்பல் துறையைவிட்டு நகர்ந்த பிறகு காலியான அறையை யாருக்கும் விற்க இயலாது. ஆகவே, ஓராண்டு முன்னதாகவே அறை நிரம்புவது நிறுவனத்துக்கு லாபம். அதுவரை நம் முன்பணம் வட்டியில்லாக் கடனாக அவர்களிடம் இருக்கும். மேலும், வயிறு நிறைந்து, கடற்காற்று முகத்தில் வீச, மனம் குளிர்ந்திருக்கும் வேளையில் 'மீண்டும் வருவீர்களா' என்று கேட்டால், இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? விருப்பம் எழுந்த இடத்திலேயே செயலையும் முடித்துவிடச் சொல்கிறது அந்த மேசை. மேலூரிலிருந்து நேரே முல்லைவாயிலுக்குப் போய்விடுவது போன்றது அது. நடுவில் திருவொற்றியூர் விட்டுப்போகிறது.

திருவொற்றியூரில் நடந்த ஒரு வாக்குறுதியை அன்பர்கள் அறிவார்கள். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சன்னிதியில் சத்தியம் செய்ய இசைந்தார். அவ்வேளையில் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளும்படி இறைவனிடம் முன்னதாகவே கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி உணர்த்திவிட்டார். பின்னாளில் திருவாரூர் நினைவு மேலிட, வாக்கை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரர் இரு கண்களும் ஒளியிழந்து நின்றார். தம்பிரான் தோழருக்கே விலக்கு இல்லை. மகிழ்ச்சியான வேளையில் கொடுக்கும் வாக்கும் வாக்குதான் என்பதை ஒற்றியூர் நமக்குக் காட்டுகிறது.

முன்பதிவும் ஒரு வாக்குறுதியே. கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்? நாம் போக இயலாவிட்டால் மக்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா? தள்ளுபடி எந்தக் கட்டணத்தின் மேல்? கப்பல் கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதால், இன்றைய தள்ளுபடி விலையைவிடப் பின்னர் வரும் பொது விலை குறைவாக இருப்பதும் உண்டு. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் அன்பளிப்பு ஆகியவை அதில் அடங்குமா? டாலரில் செலுத்தினால் கடன் அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். எல்லாவற்றையும்விட முக்கியம், நமக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்களைப் பயணக் காப்பீடு ஏற்குமா என்பது. நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைசேர்க்க ஆகும் செலவு மிகப் பெரிது.

நிறுவனமே நிலைக்குமா என்பதும் ஒரு கேள்வி. மும்பையிலிருந்து 2019-இல் 'கர்ணிகா' கப்பலுடன் தொடங்கிய ஜலேஷ் நிறுவனம், பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இலேயே நின்றுபோனது. சிங்கப்பூர் சென்ற நம்மவர் பலர் ஏறிய ஸ்டார் குரூஸஸின் தாய் நிறுவனமான கெண்டிங் ஹாங்காங், 2022 ஜனவரியில் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. இத்தகைய வேளையில், ஈடு ஏதும் பெறாமல் முன்பணம் கட்டியவர் வரிசையின் கடைசியில்தான் நிற்க நேரும்.

என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கும் பணம் கட்டிவிட்டு வந்தார். எட்டாம் மாதம் அவர் மனைவி காலமானார். நிபந்தனைப்படி பணம் திரும்பாது என்று பதில் வந்தது. 'பணம் போகட்டும். அந்தத் தேதி நெருங்க நெருங்க வந்த நினைவூட்டல் கடிதங்களைத்தான் தாங்க முடியவில்லை' என்றார் அவர்.

எனவே இத்தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் கப்பலில் செல்பவர், உடல்நலம் உடையவர், முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் பெற்றவர் தாராளமாகப் பதிவு செய்யலாம். மற்றவர்கள் விவரத்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு கரையிறங்கி, ஒரு வாரம் கழித்து வீட்டில் நிதானமாகப் படிக்கலாம்.

நாங்கள் அன்று கையெழுத்திடவில்லை. கோணேசர் தரிசனம் வேண்டி, என் இல்லாள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து பூஜையறையில் வைத்திருக்கிறாள். அதற்குக் காலக்கெடு இல்லை. நாங்கள் போக முடியாமற்போனால் மகன் கொண்டுபோய்ச் செலுத்தலாம். இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியிருப்பதால், கடல்வழி வேறொரு வகையிலும் திறந்திருக்கிறது. முழங்கால் மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மேலூர் செல்ல விரும்புவோர் சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலில் மீஞ்சூரில் இறங்கலாம். காலையில் திருவுடையம்மனைத் தரிசித்துவிட்டு, உச்சிவேளைக்குள் வடிவுடையம்மன் சன்னிதியை அடைந்துவிட வேண்டும். அங்கே தலவிருட்சமான மகிழமரத்தை வலம்வர மறவாதீர்கள்.