பதினான்காவது கேள்வி

நுகர்வோர் மன்றத்தில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் தாளில்தான் நடக்கும். எதிர்த்தரப்பு வினாப்பட்டியல் தரும்; நம் கட்சிக்காரர் பிரமாணப் பத்திரத்தில் பதில் தர வேண்டும். ஒரு வழக்கில் வந்தவை 22 கேள்விகள். பதினான்காவது: "மருத்துவர் எழுதிக் கொடுத்தவை தவிர வேறு எதையேனும் உட்கொண்டீர்களா?"

என் கட்சிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வலிப்புக்காகப் பல வருடமாக ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுபவர். ஒரு மழைக்காலத்தில் தலைசுற்றல், தள்ளாட்டம். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிலிட்டருக்கு 31 மைக்ரோகிராம். இருக்க வேண்டியது 10 முதல் 20. டோஸ் தவறு என்று மருத்துவர்மேல் புகார் கொடுத்திருந்தோம்.

கேள்வியை வாசித்தேன். "வேற மருந்தே தொட்டதில்ல சார்" என்றார்.

"சளிக்கு ரெண்டு மாசமா திரிகடுகு சூரணம் தேன்ல குழைச்சுக் குடுத்தேனே" என்றார் அவர் மனைவி.

"சுக்கு, மிளகு, திப்பிலி. அதெல்லாம் ஒரு மருந்தா?"

அன்றிரவு மருத்துவ நூல்களைப் புரட்டினேன். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரப்பொருள் பைப்பரின். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல், குடல் நொதிகள் சிலவற்றை அது மந்தப்படுத்தும்; சில மருந்துகளைக் குடல் கூடுதலாக உறிஞ்சவும் வைக்கும். பைப்பரினோடு சேரும்போது ஃபெனிடாயினின் ரத்த அளவு கூடுவதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபெனிடாயினைச் சிதைக்கும் நொதிக்கு வேலைத்திறனில் ஓர் எல்லையும் உண்டு. அதைத் தொட்டபின், மருந்து சிறிது கூடினாலே ரத்த அளவு தாவி ஏறிவிடும்.

"இத எழுதித்தான் ஆகணுமா சார்?" என்று கட்சிக்காரர் கேட்டார். சத்தியம் செய்து கையெழுத்திடும் தாள். எழுதினோம்.

கேஸ் ஷீட்டில் நாட்டு மருந்து பற்றி ஒரு வரி கூட இல்லை. கேட்காமல் விட்டதே சேவைக் குறைபாடு என்று வாதிட்டேன். மன்றம் ஏற்கவில்லை. எழுதிய டோஸ் வழக்கமானதே. கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. சூரணத்தின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. சூரணம்தான் காரணம் என்றும் மன்றம் சொல்லவில்லை. புகார் தள்ளுபடியானது.

அதன்பின் மருத்துவ வழக்கோடு வருபவரிடம் "வேறு என்ன மருந்து?" என்று நான் கேட்பதில்லை. "வீட்டில் என்ன இடித்து, அரைத்து, காய்ச்சிக் குடித்தீர்கள்?" என்றுதான் கேட்கிறேன். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரைச் சீட்டோடு சூரண டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள்.