மருமகள் படித்த எம்.பி.ஏ.

காலாப்பட்டில் நம் பல்கலைக்கழகம் வந்தது 1985-இல். அப்போது நான் குமாஸ்தா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு வணிகப் படிப்பு என்றால் 'கோந்தபிலித்தே', அதாவது கணக்குப் பதிவுதான். நிர்வாகத்துக்கென்று தனிப் பட்டம் என்பது புதிது. அமெரிக்காவில் ஹார்வர்டு 1908-லேயே எம்.பி.ஏ.வைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். வந்தன.

என் மகன் இறந்தபோது மருமகளுக்கு வயது முப்பத்திரண்டு. பி.காம். படித்தவள். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, இடுப்பில் பிள்ளை. பகலில் கல்லூரிக்குப் போக வழியில்லை. பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்க வைப்பது என் பொறுப்பு. நிதி மேலாண்மை, சந்தையியல், மனிதவளம் என்று நள்ளிரவு வரை அவள் படிப்பாள்.

"தபால்ல வர்ற பட்டத்துக்கு என்ன மதிப்பு?" என்று உறவிலேயே கேட்டார்கள். அவள் பதில் பேசவில்லை.

முன்பெல்லாம் முதலாளி கேட்ட கணக்கை எழுதிக் கொடுப்பாள், அவ்வளவுதான். படித்து முடித்த பிறகு, சரக்கு ஏன் தேங்குகிறது, வரவேண்டிய பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று அவளே எடுத்துச் சொன்னாள். முதலாளி உட்கார்ந்து கேட்டார். சம்பளமும் உயர்ந்தது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடமும் கைநீட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் வேலைக்குப் போகும் பெண் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்கிறதே!