நாற்காலியில் உட்கார்ந்து ஆடிய டென்னிஸ்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)

நம் பாலிடெக்னிக்கில் டென்னிஸ் மைதானம் கிடையாது. கபடிக்கு இடம் இருக்கிறது, வாலிபாலுக்கு வலை இருக்கிறது, கிரிக்கெட்டுக்கு ஹாஸ்டல் பின்புறம் இருக்கிறது. டென்னிஸ் பந்தைக்கூட நாம் கிரிக்கெட் ஆடத்தான் வாங்குகிறோம்! அப்படியிருக்க, ஆண்டு மலரில் ஒரு டென்னிஸ்காரரைப் பற்றி எழுத வந்திருக்கிறானே, இவனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். என்னை எழுத வைத்தது டென்னிஸ் அல்ல, ஒரு நாற்காலி. நம் ஒர்க்‌ஷாப்பில் நாமே செய்துவிடக்கூடிய சாதாரண நாற்காலி.

அந்த ஓர் இரவு

ஆஸ்திரியா நாட்டில் லெய்ப்னிட்ஸ் என்ற ஊரில் 1967-ல் பிறந்தவர் தாமஸ் மஸ்டர். இடது கை ஆட்டக்காரர். மண் தரையில் ஓடி ஓடி, எதிராளி அலுத்துப் போகும்வரை பந்தைத் திருப்பித் திருப்பி அடிப்பது அவர் பாணி. நளினத்தைவிட உழைப்பை நம்பிய ஆட்டம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு மூலதனமே கால்தான்.

1989, மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவில் மயாமி நகரை ஒட்டிய கீ பிஸ்கேன் தீவில் ஒரு பெரிய போட்டி. அரை இறுதியில் மஸ்டருக்கு எதிரே பிரான்ஸின் யானிக் நோவா. முதல் இரண்டு செட்டும் போய்விட்டது. 'அவ்வளவுதான், முடிஞ்சுது' என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த மூன்று செட்டையும் எடுத்து மஸ்டர் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 21. உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் ஆஸ்திரியர் என்ற பெயரும் அந்த வெற்றியோடு சேர்ந்து வந்தது. இறுதிப் போட்டியில் அவருக்காகக் காத்திருந்தவர், அன்றைய உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான இவான் லெண்டில்.

அந்த இறுதிப் போட்டி நடக்கவே இல்லை.

ஜெயித்த சில மணி நேரத்தில், நிறுத்தியிருந்த காரின் டிக்கியிலிருந்து சாமான் எடுத்துக்கொண்டிருந்தார் மஸ்டர். குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிவந்த கார் அந்தக் காரில் வந்து மோதியது. மஸ்டரின் இடது முழங்காலில் லிகமெண்டுகள் அறுந்தன. லெண்டிலுக்கு ஆடாமலே கோப்பை கிடைத்தது. மஸ்டர் விமானம் ஏறி வியன்னாவுக்குப் போய் ஆபரேஷன் மேசையில் படுத்தார்.

ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதுவோ எவனோ குடித்ததற்கு இவர் கட்டிய அபராதம். யாரிடம் போய்க் கேட்பது?

கீல் இருக்கு, ஸ்க்ரூ இல்லை

லிகமெண்ட் என்றால் என்ன என்று நம் பாஷையில் சொல்கிறேன். முழங்கால் ஒரு கீல் மாதிரி. மேலே தொடை எலும்பு, கீழே கணுக்கால்வரை போகும் எலும்பு. இரண்டையும் இறுக்கிப் பிடித்து, முன்பக்கமோ பக்கவாட்டிலோ நழுவாமல் பார்த்துக்கொள்வது லிகமெண்ட் என்கிற நார். அது அறுந்துபோனால், கதவில் கீல் இருந்தும் ஸ்க்ரூ கழன்ற கதைதான். நேராக நின்றால் நிற்கும். திரும்பினால் ஆடும். டென்னிஸ் முழுக்கத் திரும்புகிற ஆட்டம். ஓடி, சடாரென்று நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். லிகமெண்ட் அறுந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகும் வேலை பாதிதான். ஓடாமல் நிறுத்திவைத்த மெஷின் துருப்பிடிக்கிற மாதிரி, அசையாத காலில் தொடைத் தசை மளமளவென்று இளைத்துப்போகும். அதைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

அந்த நாற்காலி

மஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கால் குணமாகட்டும், பிறகு ராக்கெட்டைத் தொடலாம் என்று படுத்திருக்கவில்லை. தனக்கென்று ஒரு தனி இருக்கை செய்யவைத்தார். டென்னிஸ் மைதானத்தில் அதைப் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பந்து அடித்துப் பழகினார்! அந்தப் புகைப்படம் டென்னிஸ் உலகில் மிகப் பிரசித்தம்.

பார்த்தவுடன் சிரிப்பு வரும். டென்னிஸில் அடியின் வேகம் கையில் மட்டும் பிறப்பதில்லை. தரையை உதைக்கும் காலில் தொடங்கி, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று கியர் மேல் கியராக ஏறி வருகிறது. உட்கார்ந்துவிட்டால் முதல் கியர் இல்லை. பிறகு என்ன பிரயோஜனம்?

பிரயோஜனம் இருந்தது. கண் பந்தைப் பார்க்கிறது. தோள் திரும்புகிறது. கை சரியான நேரத்தில் பந்தைச் சந்திக்கிறது. இந்த மூன்றுக்கும் காலின் காயத்தோடு சம்பந்தமே இல்லை. கெட்டுப்போனது ஒரு பாகம். அதற்காக நல்ல பாகங்களையும் எதற்கு நிறுத்திவைக்க வேண்டும்? அந்த நாற்காலி முழங்காலைக் குணப்படுத்தவில்லை. அதை டாக்டரும் உடற்பயிற்சியும் பார்த்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டது நாற்காலி.

இதே இருக்கையை நம்மிடம் வரையச் சொன்னால் எப்படி வரைவோம்? கவனியுங்கள், அவர் இடது கைக்காரர், அடிபட்டதும் இடது கால். நீட்டிய காலும் ராக்கெட் வீச்சும் ஒரே பக்கம். அந்தப் பக்கம் கைப்பிடி வைக்க முடியாது. வேகமாக வீசும்போது நாற்காலி சாய்ந்துவிடாமல் அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும், புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருக்க வேண்டும். காலைத் தாங்கும் பலகை ஆடக்கூடாது. ஆக, ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மெக்கானிக்ஸ், வெல்டிங் என்று நம் சிலபஸ் மொத்தமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது!

எனக்கு எப்படித் தெரிந்தது?

சென்ற ஆண்டு ஒரு கபடிப் போட்டியில் ரெய்டு போய்த் திரும்பும்போது என் வலது முழங்கால் மடங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்லாம் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்டா தம்பி. கபடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நல்லபடியா நடந்தாப் போதும்" என்றார். அவர் குரலில் இருந்த பயம் வலியைவிட அதிகமாக வலித்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அங்கே ஒர்க்‌ஷாப் நடக்கிறது, இங்கே நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

பிசியோதெரபி அண்ணன்தான் வாயைத் திறந்தார். "தம்பி, காலுக்குத்தானே கட்டு? கையும் கண்ணும் என்ன பண்ணுச்சு? அதுகளை ஏன் படுக்கப் போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டு, செல்போனில் மஸ்டரின் அந்தப் படத்தைக் காட்டினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். கட்டிலின் இரண்டு பக்கச் சட்டத்திலும் தாங்குகிற மாதிரி ஒரு பலகை அடித்து, அதன்மேல் போர்டைச் சாய்த்து வைத்தார்கள். காலை நீட்டியபடியே ஸ்க்ரூ ஜாக் வரைந்தேன், பிளம்மர் பிளாக் வரைந்தேன். முதல் ஷீட்டில் கோடு கோணலாகப் போனது. பத்தாவது ஷீட்டில் நேராக வந்தது. அந்த செமஸ்டரில் ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் போய்விட்டது, மறைக்கவில்லை. ஆனால் மெஷின் டிராயிங் போகவில்லை!

மஸ்டர் திரும்பி வந்தார்

ஏறக்குறைய ஆறு மாதத்தில் மஸ்டர் மறுபடி போட்டிகளில் ஆடத் தொடங்கினார். 1990 ஜனவரியில் அடிலெய்டில் பட்டம். மே மாதம் ரோமில் பட்டம். அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பனில் அரை இறுதிவரை போனார்.

ஆனால் உச்சம் உடனே வரவில்லை. விபத்து நடந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. 1995-ல் மட்டும் 12 பட்டங்கள். மண் தரையில் தொடர்ந்து 40 ஆட்டங்களில் வெற்றி. அந்த ஆண்டு மான்டி கார்லோ இறுதிப் போட்டியில் போரிஸ் பெக்கரிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, தோற்கும் விளிம்புவரை போய் மீண்டு ஜெயித்தார். ஜூன் மாதம் பாரிஸில் மைக்கேல் சாங்கை நேர் செட்களில் வென்று பிரெஞ்சு ஓப்பன் கோப்பையைத் தூக்கினார். 1996 பிப்ரவரியில் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் ஆனார். 'மண் தரையில் மட்டும் ஜெயிக்கிறவர் எப்படி நம்பர் ஒன் ஆகலாம்?' என்று கேட்டவர்களும் உண்டு.

அதற்குப் பதில் 1997-ல் கிடைத்தது. அதே கீ பிஸ்கேன். அதே போட்டி. மண் தரை அல்ல, கடினத் தரை. எட்டு ஆண்டுக்கு முன் ஆட முடியாமல் போன இறுதிப் போட்டிக்கு மறுபடி வந்து, செர்ஜி புருகுவேராவை வென்று, விட்டுப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். பாக்கியை வட்டியோடு வசூலிப்பது என்றால் இதுதான்!

எல்லோரும் திரும்புவதில்லை

இத்தோடு நிறுத்தினால் சினிமாக் கதை ஆகிவிடும். அர்ஜென்டினாவின் யுவான் மார்ட்டின் டெல் போட்ரோவையும் சொல்ல வேண்டும். 2009-ல் 20 வயதில் ரோஜர் ஃபெடரரை வென்று அமெரிக்க ஓப்பன் பட்டம் பெற்றவர். 2010-ல் வலது மணிக்கட்டில் ஆபரேஷன். பிறகு 2014, 2015-ல் இடது மணிக்கட்டில் மூன்று ஆபரேஷன்கள். அத்தனையையும் தாண்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 2018-ல் மறுபடி அமெரிக்க ஓப்பன் இறுதிக்கு வந்தார். அடுத்த மாதமே ஷாங்காயில் முழங்கால் சில்லு உடைந்தது. 2019-ல் லண்டனில் மறுபடி உடைந்தது. அதன் பிறகு எத்தனை சிகிச்சை செய்தும் அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன் ஓர் ஆட்டம் ஆடித் தோற்று, தலையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றி வலையில் தொங்கவிட்டு அழுதபடி வெளியேறினார்.

மஸ்டர் உழைத்தார், இவர் உழைக்கவில்லை என்று சொல்ல முடியுமா? சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாற்காலி யாருக்கும் கோப்பையை உத்தரவாதம் தருவதில்லை. காத்திருக்கும் நாட்களை வீணாக்காமல் காப்பாற்றித் தரும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்பது படுத்துக் கிடந்தவனுக்குத் தெரியும்.

என் கதையும் இன்னும் முடியவில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி டேப் வைத்து அளக்கிறார்கள். நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது அடிபட்ட கால் தாண்டினால்தான் களத்தில் இறங்க அனுமதி. எனக்கு 90 இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். தினமும் காலையில் பயிற்சியை மட்டும் விடுவதில்லை. அப்பாவும் இப்போது 'வேணாம்' என்று சொல்வதில்லை. "இன்னிக்கு எவ்ளோடா?" என்று கேட்கிறார்.

நண்பர்களே! அடுத்த ஆண்டும் நம்மில் யாராவது அடிபடுவார்கள். பைக்கில் விழுவார்கள், மைதானத்தில் விழுவார்கள். சிலர் அரியரில் விழுவார்கள், சிலர் வீட்டுக் கஷ்டத்தில் விழுவார்கள். "குணமானதும் வா மச்சி" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகாமல், அவனிடம் எது இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று பாருங்கள். அதற்குத் தகுந்தபடி ஒரு பலகையோ, ஒரு ஸ்டூலோ, ஒரு நாற்காலியோ செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து அடித்தவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். நாற்காலி செய்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். நம் கையில் வெல்டிங் ராடு இருக்கிறது. அதற்குத்தானே மூன்று வருஷம் படிக்கிறோம்?