குழாய் இல்லாத அறை

சென்ற மாதம் ஒரு நாள் பள்ளி முடிந்து வெளியே வந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் வாயிற்கதவின் அருகே எனக்காகக் காத்திருந்தார். அவருடைய மூத்த மகள் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். இப்போது ஸ்பா சிகிச்சைத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம்.

"ஊராருக்கு உடம்பு பிடித்துவிடவா டீச்சர் இவளைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டவரின் கண்கள் கலங்கியிருந்தன.

உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் அதே எண்ணம்தான் முதலில் எழுந்தது. பிறகுதான் கிள்ளானில் இத்தொழிலைச் செய்துவரும் என் முன்னாள் மாணவி நினைவுக்கு வந்தாள். அவள் பலமுறை அழைத்தும் நான் போனதில்லை. அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டேன்.

கடைவீட்டின் மேல்மாடியில், ஒரு தையல் கடையைப் பலகை வைத்துத் தடுத்துப் பிரித்த சிறிய அறை அது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு நீண்ட மேசை. அறையில் குழாய் இல்லை. கீழ்த்தளத்தின் பின்புறம் எல்லாரும் பயன்படுத்தும் கழிவறை ஒன்று இருக்கிறது. அங்குள்ள குழாயில் நீர் பிடித்து இருபத்திரண்டு படிகள் சுமந்து ஏற வேண்டும். வாடகை மலிவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

"தண்ணீர் இல்லாமல் எப்படியம்மா?" என்றேன்.

"தண்ணீர் இருக்கிறது டீச்சர். குழாய்தான் இல்லை" என்றாள்.

காலையில் மூடியுள்ள இரண்டு நெகிழிக் கலன்களில் பத்துப் பத்து லிட்டர் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். ஒரு கலனின் அடியில் சிறு திருகு பொருத்தியிருக்கிறது. அதன்கீழ் ஒரு பேசின். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அந்தத் திருகைத் திறந்து, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுகிறாள். பேசினில் சேரும் அழுக்கு நீர் மூடியுள்ள வாளிக்குப் போகிறது. ஒருவருக்கு முழு உடல் சிகிச்சை செய்ய ஐந்து லிட்டர் போதும் என்றாள். நம் வீட்டுக் குளியலறையில் ஐந்து நிமிடம் தூவாலைக்கடியில் நின்றால் நாற்பது லிட்டர் போய்விடும்.

அவளுடைய தொழில் முழுவதும் துண்டுகளை நம்பியே நடக்கிறது. மேசைமேல் சிறிய குளிர்பெட்டியைப் போன்ற ஒன்று இருந்தது. ஆனால் அது சூடாக்கும் பெட்டி. நனைத்துப் பிழிந்து சுருட்டிய சிறு துண்டுகளை அதனுள் அடுக்கி வைத்தால் கொதிசூட்டில் காத்திருக்கும். எடுத்ததும் உதறி, தன் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே வாடிக்கையாளர்மேல் வைக்கிறாள். ஒரு துண்டை ஒருமுறைதான் பயன்படுத்துவாள். துடைத்த துண்டை மீண்டும் நீரில் முக்கிப் பிழிந்து துடைப்பது கூடவே கூடாதாம். இரண்டாம் முறை முக்கிய கணத்திலேயே பேசினில் உள்ள நீர் முழுவதும் அழுக்கு நீராகிவிடுகிறதல்லவா? துடைப்பத்தை வாளியில் முக்கி முக்கி வகுப்பறைத் தரையைத் துடைக்கும் மாணவர்களை நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் செய்துவிடுவதாகச் சொன்னாள். கூச்சத்தோடு ஒப்புக்கொண்டேன். லூலூர் என்பது சாவகத்து மணப்பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் செய்யப்படும் பழைய பூச்சு. அரிசி மாவு, மஞ்சள், சந்தனம் ஆகியவற்றைக் குழைத்துப் பூசுவார்கள். நம் நலங்கு மாவின் உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம். அரைகுறையாகக் காய்ந்ததும் உள்ளங்கையால் தேய்க்க, அது பொடிப்பொடியாக உதிர்ந்து விரிப்பில் விழுகிறது. பெரும்பகுதி உதிர்ந்துவிடுவதால், எஞ்சியதை நான்கைந்து சுடுதுண்டுகளில் துடைத்து எடுக்க முடிகிறது. மரபுப்படி இதற்குப் பின்னும் குளியல் உண்டு. அதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். அதன்பின் மெல்லிய எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டாள். முதுகின்மேல் சுடுதுண்டை விரித்து இரு கைகளாலும் அழுத்தியபோது, முப்பது ஆண்டு கரும்பலகைக்கு முன் நின்ற என் தோள்கள் என்ன சொல்லின என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

உப்புத் தேய்ப்பு, களிமண் பூச்சு, கடற்பாசிப் பூச்சு ஆகிய மூன்றையும் அவள் செய்வதில்லை. தொடக்கத்தில் ஒருமுறை, மணப்பெண் ஒருத்தி வற்புறுத்தியதால் களிமண் பூச்சுக்கு ஒப்புக்கொண்டாளாம். இருபத்து நான்கு துண்டுகளும் தீர்ந்துபோயின. முழங்கால் மடிப்பிலும் விரலிடுக்கிலும் மண் அப்படியே இருந்தது. அந்தப் பெண் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, இவள் மூன்று முறை படியேறி நீர் சுமந்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அன்றைக்கு அழுதேன் டீச்சர். மறுநாள் பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டேன்" என்றாள். கேட்பவர்களுக்குக் குளியலறை உள்ள வேறொரு நிலையத்தின் முகவரியை அவளே எழுதிக் கொடுக்கிறாள்.

நம்மவர்கள்தாம் அவளுக்குப் பெரிய சோதனை. சீன, மலாய் வாடிக்கையாளர்கள் துடைத்துவிட்டால் எழுந்து உடுத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். தமிழ்ப் பெண்களோ, "எண்ணெய் வைத்துக் குளிக்காமல் எப்படித் தெருவில் போவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தலையில் எண்ணெய் வைத்தால் வெந்நீரும் சீயக்காயும் வந்தே ஆக வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் முன்பதிவுக்கு அழைக்கும்போதே, "இங்கே குளிக்க வசதி இல்லை, துடைத்துத்தான் விடுவேன்" என்று சொல்லிவிடுகிறாள். அப்படிச் சொன்னதும் சிலர் வருவதில்லை. வந்த பிறகு ஏமாறுவதைவிட அது மேல் என்பது அவள் கணக்கு.

துண்டுகளை மாலையில் சுயசேவை டோபிக்குக் கொண்டுபோகிறாள். எண்ணெய் படிந்த துணியைச் சரியாக வெளுக்காமல் உலர்த்தியில் போட்டு, சூடு ஆறுமுன் அடுக்கி வைத்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆகையால் சூடான நீரில் வெளுத்து, உலர்ந்ததும் மேசையில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே மடிக்கிறாள். அதற்கு அரைமணி நேரம் கூடுதலாகிறது.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். குழாயை நம்பியிருந்த நிலையங்கள் முன்பதிவுகளைத் தள்ளிவைத்தபோது, நிரப்பி வைத்த கலன்களைக் கொண்டு இவள் இரண்டு நாள் தொழில் செய்தாளாம். மூன்றாம் நாள் துண்டு வெளுக்க வழியின்றி அவளும் கதவடைத்தாள்.

தேநீர் வரும்வரை மேசைமேல் இருந்த பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். நாள்தோறும் எத்தனை பேர், எத்தனை துண்டு, எத்தனை லிட்டர், டோபிக்கு எத்தனை ரிங்கிட், கையில் நின்றது எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். 2006இல் இவளுடைய தந்தையை அழைத்து, "இவளுக்குக் கணக்கு ஏறாது. கைவேலை ஏதாவது பழக்கிவிடுங்கள்" என்று சொன்னவள் நான்தான். கைவேலைக்குக் கணக்கு வேண்டாம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவள் அதை நினைவில் வைத்திருக்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் குழாய் போடும் செலவு இருந்தது. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. "நான்கு மாதச் சேமிப்பில் குழாய் இழுத்துவிடலாமே, ஏன் தயங்குகிறாய்?" என்றேன்.

அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "தண்ணீர் வருவதற்கு அவ்வளவுதான் டீச்சர். போவதற்கு வழி வேண்டாமா? தரையை உடைத்துக் கழிவுநீர்க் குழாய் இறக்க வேண்டும். கீழ்க்கடைக்காரர் சம்மதிக்க வேண்டும், வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்." அந்தத் தொகை முதல் தொகையைப் போல் ஆறு மடங்கு. எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்தத் தாயாருக்கு நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. மாணவியின் இசைவோடு முகவரியை மட்டும் கொடுத்தேன். சென்ற வாரம் போயிருக்கிறார். சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். எழுந்து கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "மழைக்காலத்தில் இத்தனை துண்டையும் எங்கே உலர்த்துவாய்?"