நிறம் மாறினால் வைரஸ்தானா?

பிசிஆர் சோதனை என்றால் என்னவென்று 2020-க்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு லாம்ப் என்று ஒரு தம்பி உண்டு. பிசிஆருக்கு மாதிரியைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கி என்று முப்பது நாற்பது முறை மாற்றுகிற இயந்திரம் வேண்டும். லாம்புக்கு 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே வெப்பநிலை போதும். பிஎஸ்டி என்ற நொதி டிஎன்ஏ-வின் இழையைத் தானே உரித்துக்கொண்டு முன்னேறுவதால், வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தாலே வேலை நடக்கும். ஜப்பானின் எய்கென் கெமிக்கல் நிறுவனத்தில் நோடோமி குழுவினர் 2000-இல் வெளியிட்ட முறை இது. கொரோனா மாதிரி ஆர்என்ஏ வைரஸ் என்றால், ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக மாற்றும் நொதியையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சிக்கல் எங்கே?

வைரஸின் மரபுவரிசையைத் தேடிப்போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளுக்கு ப்ரைமர் என்று பெயர். பிசிஆரில் 2, லாம்பில் 4. இந்த நான்கும் சேர்ந்து 6 இடங்களைச் சரிபார்க்கின்றன. காகிதத்தில் பார்த்தால் தவறே நடக்கக்கூடாது. ஆனால் ஒரே குழாயில் இத்தனை நீளமான துண்டுகளை அடைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிஎஸ்டி அதையும் விடாமல் நகலெடுக்கத் தொடங்கிவிடும். வைரஸே இல்லாத குழாயிலும் சிறிது தாமதமாக நிறம் மாறும்! சாயத்துக்குத் தெரிவது டிஎன்ஏ உருவானது மட்டும்தான். யாருடைய டிஎன்ஏ என்று அதற்குத் தெரியாது. இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாகும் பீனால் ரெட் இன்னும் மோசம். புளிப்புத்தன்மையுள்ள எச்சில் பட்டாலே மஞ்சளாகிவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. ஆயிரம் பேரைச் சோதிக்கிறார்கள், அதில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயில்லாத நூறு பேரில் 2 பேருக்குத் தவறாக 'உண்டு' என்று வந்தாலே, 990 பேரில் ஏறக்குறைய 20 பேர் வீணாக வீட்டுக்குள் அடைபடுவார்கள். உண்மையான நோயாளிகளைப்போல இரண்டு மடங்கு.

என்ன செய்யலாம்? குறித்த நேரத்துக்குப் பிறகு வரும் நிறமாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். ஆனால் வைரஸ் குறைவாக உள்ளவர்களுக்கும் தாமதமாகத்தானே வரும்? அவர்கள் தப்பிவிடுவார்கள். சூடேறும் வரை நொதியைத் தூங்கவைப்பது உதவும், முழுத் தீர்வு அல்ல. உருப்படியான வழி, உருவான டிஎன்ஏ-வை இரண்டாவது முறை விசாரிப்பதுதான். ப்ரைமர்கள் தொடாத நடுப்பகுதியில் வைரஸின் வரிசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ப்ரைமர்கள் ஒட்டி உருவான குப்பையில் அந்த வரிசை இருக்காது.

கலிபோர்னியாவில் 2020-இல் வெளியான டிடெக்டர் சோதனை, கேஸ்12 என்ற கிரிஸ்பர் நொதியை வைத்து இதைத்தான் செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்காகக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. லாம்ப் முடிந்த குழாயில் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கும். திறக்கும்போது ஒரு துளி காற்றில் கலந்தாலும் அடுத்தடுத்த மாதிரிகள் எல்லாம் 'உண்டு' என்று வரலாம். ஒரு தவறைத் தடுக்கப் போய் இன்னொன்றுக்குக் கதவைத் திறந்த கதை. மூடிய குழாயிலேயே முடிக்கலாம் என்றால், அந்த கேஸ்12 லாம்பின் சூட்டைத் தாங்காது. அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஃபெங் ஜாங் குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட ஸ்டாப்கோவிட் சோதனையில், வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த கேஸ்12பி-யைப் போட்டார்கள். 60 டிகிரியில், ஒரே குழாயில், மூடியைத் திறக்காமலே இரண்டு வேலைகளும் நடந்தன.